ஏழாம் பக்கம்

லிம்பே பேருந்து நிலையத்தில்
கழிப்பறைக் கட்டணம் வாங்கும் சன்னலுக்கு அடுத்து
எலூபே மண்டாசி பொரிக்கிறாள்.
மாவு உப்பிச் சிவந்ததும்
எடுத்துப் போடுவது பழைய நாளிதழ்மேல்;
எங்கள் அச்சகத்தின் பின்கதவில்
கிலோ கணக்கில் வாங்கிய கட்டு.

அந்த நாளிதழுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன் நான்,
காற்புள்ளியில் கஞ்சி குடிப்பவன்.
காலைக்கு இரண்டு மண்டாசி வாங்குவேன்.
போன வருஷம்
சூடாகக் கைக்கு வரும்,
மாதங்கள் கலைந்து.

திங்களன்று ஆகஸ்ட்:
இரவோடு இரவாக குவாச்சா சரிந்தது,
சோளமாவு மூட்டை ஏறியது.
செவ்வாயன்று ஜனவரி:
பெட்ரோல் லாரிகள் எல்லை தாண்டிவிட்டன என்றார் அமைச்சர்.
வியாழனன்று ஜூன்:
லாரிகள் எல்லை தாண்டிவிட்டன.
அதே அமைச்சர், அதே கோட்டு,
மூக்கருகே அதே ஒலிவாங்கி.
தேதி கிழிந்திருந்தால்
எந்த மாதமென்று எனக்கே தெரியாது.
பின்னால் நின்ற மினிபஸ் ஓட்டுநர் எட்டிப் பார்த்துச் சொன்னார்:
"லாரிகள் நடந்து வருகின்றன போல."

கால்பந்து அணி வெளியூரில் நான்கு கோல் வாங்கியது.
பயிற்சியாளர் போனார், இன்னொருவர் வந்தார்,
அவருக்கும் நான்கு.
ஆசிரியர்களுக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி.
சோம்பா பக்கம் ஒரு கழுதைப்புலி
மாவு மில்லுக்குள் புகுந்து
வெள்ளையாக வெளியே வந்தது.
அந்தத் தாளை மட்டும் யாரும் கசக்கி எறியவில்லை,
மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்கள்.

மார்ச் மட்டும் வரவே இல்லை.
டிசம்பரில்தான் அது உறைத்தது.
விளையாட்டாகக் கேட்டேன்,
"மார்ச்சை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய்?"

கேட்டிருக்கக் கூடாது.

மார்ச் பதினேழு இரவு
எங்கள் நெட்பால் பெண்கள்
தங்களைவிட ஒரு தலை உயரமானவர்களை
ஒரே கோலில் வென்றார்கள்.
கடைசி நொடியில் தலாண்டிரா எறிந்த பந்து
வளைய விளிம்பில் இரண்டு முறை யோசித்து
உள்ளே விழுந்தது.
மின்வெட்டில் கிடந்த ஊர்
கைபேசி வெளிச்சத்தோடு தெருவுக்கு வந்தது.
நான் மேசைமேல் ஏறி ஆடினேன், சாட்சி உண்டு.
முதல் பக்கத்தைக் காலி செய்தார்கள்.

அதே இரவு தெற்கே ஆறு கரைபுரண்டு
பாலம் போனது,
பாலத்தோடு ஒரு லாரி,
லாரியில் பதினான்கு பேர்.
ஏழாம் பக்கம், சின்ன எழுத்து,
டயர் விளம்பரத்துக்குக் கீழே.

தலாண்டிராவின் பெயரை மூன்று முறை சரிபார்த்தேன்.
அந்தப் பட்டியலை ஒரு முறை,
காலில் இன்னும் தாளம் இருக்கும்போதே.

எலூபே அடுப்பைத் தணித்தாள்.
மாவு டப்பாவைத் திறந்து மூடியைத் திருப்பினாள்.
உள்பக்கம் ஒட்டியிருந்தது ஏழாம் பக்கம்,
ஒரு சொட்டு எண்ணெய் படாமல்.
ஒன்பதாவது பெயர் லிம்பேனி.
ஒற்றை எழுத்தை நீலப் பேனாவால் அடித்து
மேலே சரியானதை எழுதியிருந்தாள்.

"என் தங்கை மகன். லிம்பானி.
உறுதியாய் இரு என்று அர்த்தம்.
இவர்கள் போட்டதற்கு
அர்த்தமே இல்லை."

இவர்கள் யாரென்று நான் சொல்லவில்லை.
சட்டைப்பையில் சிவப்புப் பேனா இருந்தது.
சில்லறையை வாங்க மறந்து நடந்தேன்.

வருஷக் கடைசியில்
'ஆண்டு ஒரு பார்வை' சிறப்பிதழ்.
கோப்பை, அமைச்சர், கழுதைப்புலி,
எல்லாம் ஒழுங்காக மாத வரிசையில் நின்றன.
மார்ச்சில் பதினான்கு என்பது வெறும் எண்.
எண்ணில் எழுத்துப்பிழை வராது, விடு
என்றார் உதவி ஆசிரியர்.
இரண்டாம் பக்கத் திருத்தக் கட்டத்துக்கு
நான் எழுதிக் கொடுத்த இரண்டு வரியை
ஒரு சிமெண்டு விளம்பரம் தள்ளியது,
மறுநாளும் தள்ளியது.
ஜனவரி நான்காம் தேதி வந்தது.
லிம்பானி.
மூன்று முறை பார்த்தேன்.

நேரில் நீட்டத் துணிச்சல் இல்லை.
கட்டோடு கட்டாக அந்தத் தாள்
அவளிடம் போய்ச் சேர
மழைக்காலமே முடிந்துவிடலாம்.
அதுவரை
தினமும் இரண்டு மண்டாசி வாங்குகிறேன்,
பிரித்துத் தேதி பார்க்கிறேன்.

இன்று வந்தது:
லாரிகள் எல்லை தாண்டிவிட்டன.